ஹெஸ்டர் ப்ராபர்ட் துப்பாக்கி வாங்கியது

ஹெஸ்டர் ப்ராபர்ட் தன் அறுபத்தோராவது வயதில் முதல் துப்பாக்கி வாங்கினார். அதற்கு முன் இருபத்தாறு வருஷம் மற்றவர்கள் சுட்ட பறவைகளைப் பொறுக்கிக் கொடுத்தார்.

வார நாட்களில் அவருக்குப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. குளிர்கால சனிக்கிழமைகளில் எங்கள் பள்ளத்தாக்கில் ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி வேட்டை. பணம் கட்டி வந்தவர்கள் வரிசையாக நின்று சுடுவார்கள். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கம்பால் புதரைத் தட்டி, பறவைகளை எழுப்பி, அவர்கள் தலைக்கு மேலே அனுப்புவோம். ஹெஸ்டர் வரிசைக்குப் பின்னால் நாயோடு நிற்பார். நாய் விழுந்ததைக் கவ்விக்கொண்டு வரும். அவர் முழங்காலருகே உள்ளங்கையை விரித்துத் தாழ்த்துவார். நாய் அதில் பறவையை வைக்கும். அவர் அதை வண்டியில் மாட்டிவிட்டு வருவார். சுட்டவர்களில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது.

கணவர் இறந்த பிறகு வீட்டில் அவரும் டான்ஸியும்தான். டான்ஸி பழுப்பும் வெள்ளையுமான ஸ்பானியல். அவர் வளர்த்த நான்கு நாய்களில் கடைசி, கெட்டிக்காரி.

வேட்டைப் பருவம் ஜனவரியோடு முடியும். அதன் கடைசிச் சனிக்கிழமை எங்களுக்கானது. பணக்காரர்கள் வரமாட்டார்கள், விரட்டுகிறவர்களும் பொறுக்குகிறவர்களும் முறை வைத்துச் சுடலாம். ஒரு வருஷம் அந்த நாளில், வேட்டைக்கான பறவைகளை வளர்த்துக் காக்கும் க்ளெம் க்வில்லியம் தன் துப்பாக்கியை ஹெஸ்டர் கையில் திணித்தார்.

"ஏம்மா, இருபத்தாறு வருஷமா அடுத்தவன் பறவையையே பொறுக்குறியே. ஒண்ண நீயே சுட்டுப் பொறுக்கேன்."

ஹெஸ்டர் ஆறு முறை சுட்டார். ஆறும் வானத்துக்குப் போயின.

"தப்பிப் போனது பெருசில்ல, டென்சில்," என்று பிறகு என்னிடம் சொன்னார். "ஒவ்வொரு வெடிக்கும் டான்ஸி வானத்தப் பாத்தா. அப்புறம் தரையப் பாத்தா. அப்புறம் திரும்பி என்னையப் பாத்தா. ஊர்ல உள்ளவன் பறவையெல்லாம் தூக்கிட்டு வந்தவ. என்னோடது ஒண்ணு, ஒரே ஒண்ணு, அவ கொண்டு வரணும். அது போதும் எனக்கு."

மறுவாரமே அனுமதிக்கு எழுதிப்போட்டார். மருத்துவர் கடிதம், போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து விசாரணை, சுவரில் முடுக்கிய இரும்புப் பெட்டி. எல்லாம் முடிந்து தாள் கைக்கு வர டிசம்பர் ஆகிவிட்டது. அடுத்த திங்கட்கிழமை காலையில் டான்ஸியோடு கடைக்கு வந்தார். கடை என் மைத்துனருடையது. துப்பாக்கியை ஆளுக்குப் பொருத்திக் கொடுப்பது என் வேலை. முப்பது வருஷமாகச் செய்கிறேன்.

டான்ஸிக்கு அப்போது பன்னிரண்டு வயது. பின்னங்கால்கள் ஆட ஆரம்பித்திருந்தன. கல்லாவுக்கு அடியில் பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது.

ஹெஸ்டர் நேராகப் போய் ஒல்லியான ஒரு துப்பாக்கியை எடுத்தார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழல், இறகு மாதிரி எடை.

"இது நல்லா இருக்கே. கனமே இல்ல."

"கடையில தூக்கிப் பாக்குறப்போ எல்லாருக்கும் அதுதான் பிடிக்கும். சுட்டா தோள்பட்டைய ஒடச்சிரும். கனமா இருந்தாத்தான் உதை கம்மி."

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் சொல்லுவாரு, அவரப் பத்தி."

மேலும் கீழுமாகக் குழல் உள்ள கனத்த பன்னிரண்டாம் நம்பர் துப்பாக்கி ஒன்றைத் திறந்து, காலி என்று காட்டிவிட்டுக் கொடுத்தேன். இரண்டு கண்ணையும் திறந்தபடி என் கண்ணுக்குக் குறிவைக்கச் சொன்னேன். எங்கள் தொழிலில் அப்படித்தான் பார்ப்போம். துப்பாக்கி வலத்தோளில் இருந்தால் குழலுக்கு மேலே வலக்கண் தெரிய வேண்டும். ஹெஸ்டருக்கு இடக்கண் தெரிந்தது. மறுபடி செய்யச் சொன்னேன். மறுபடியும் இடக்கண்.

"கையி வலது, கண்ணு இடது," என்றேன். "க்ளெம் துப்பாக்கிய வலது தோள்ல வச்சிருக்கீங்க, இடக்கண்ணு குறி பாத்திருக்கு. அதான் ஆறும் போச்சு."

"இப்ப என்ன பண்ணலாம்?"

நான் சரியான வழியைச் சொன்னேன். இடத்தோளுக்கு மாற வேண்டும். துப்பாக்கியின் மரக்கட்டையைச் சூடுகாட்டி மறுபக்கம் வளைத்து, நீளம் குறைத்துத் தருகிறேன். கோடை முழுக்க, வானத்தில் வீசும் களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழகிக்கொள்ளுங்கள். தட்டு தப்பினால் தட்டோடு போகும். பறவை மேல் அரைகுறையாகப் பட்டால் அது வேலிக்கடியில் போய் மூன்று நாள் கிடந்து சாகும். அப்படிக் கிடந்தவற்றைத் தேடியெடுத்தவர் ஹெஸ்டர். அதை அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

"இந்த ஜனவரிக்கு ஆகாதா?"

"ஆகாது."

அவர் கல்லாவுக்கு அடியில் பார்த்தார். "அடுத்த ஜனவரி வரைக்கும் இவ இருப்பாளா?"

"அவளுக்கென்ன, இருப்பா," என்றேன். ஒரு நாயின் ஆயுளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? வாயில் வந்ததைச் சொன்னேன்.

இன்னொரு வழியும் இருந்தது. அதை நான் சொல்லவில்லை. சுடும்போது போடும் கண்ணாடியின் இடப்பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டினால் இடக்கண் மறையும், வலக்கண் குறி பார்க்கும். இரண்டு நிமிஷ வேலை. ஏழு வாரப் பழக்கத்தில் பக்கத்தில் வருகிற பறவையையாவது சுட்டிருக்கலாம். ஆனால் டேப் ஒட்டினால் இடமிருந்து வருவது தெரியாது. என் கணக்கில் அது ஒட்டுப்போட்ட வேலை. ஒட்டுப்போட்ட வேலை என் கையிலிருந்து போனதில்லை என்பதில் எனக்கு ஒரு கர்வம்.

அந்த ஜனவரியின் கடைசிச் சனிக்கிழமையும் ஹெஸ்டர் வழக்கம்போல எங்களுக்காகப் பொறுக்கினார்.

கோடையில் ஞாயிறுதோறும் தட்டு சுடப் போனார். இடது கை சொன்னபடி கேட்க ஒரு மாதம் ஆனது. ஒவ்வொரு வெடிக்கும் டான்ஸி பெஞ்சுக்கு அடியிலிருந்து தலையைத் தூக்கும். ஒரு நாள் நொண்டிக்கொண்டே புல்லுக்குள் போய் உடையாத ஆரஞ்சுத் தட்டு ஒன்றைக் கவ்விவந்து அவர் கையில் வைத்தது. அவர் தப்பவிட்ட தட்டு.

"உன் நாயே உன் மானத்த வாங்குது பாரு!" என்று க்ளெம் கத்தினார். எல்லாரும் சிரித்தோம். ஹெஸ்டரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தத் தட்டைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

செப்டம்பரில் கட்டையைக் கடைசியாக ஒருமுறை சரிபார்க்க வரச் சொல்லியிருந்தேன். தனியாக வந்தார்.

"டான்ஸி எங்க?"

"தோட்டத்துல," என்றார். நாயை வெயிலில் விட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "ஆப்பிள் மரத்துக்குப் பக்கத்துல. வியாழக்கிழமை எந்திரிக்க முடியல. டாக்டர் வந்து ஊசி போட்டு, வலியில்லாம அனுப்பி வச்சாரு." பிறகு துப்பாக்கியைத் தோளில் வைத்து என் கண்ணுக்குக் குறிவைத்தார். இடக்கண் குழலுக்கு நேர் மேலே நின்றது. மயிரிழையும் பிசகவில்லை.

ஜனவரி வந்தது. கடைசிச் சனிக்கிழமை காலை கொட்டகையில் சூப்பு குடித்துக்கொண்டிருந்தோம். தபால்காரர் ஆப்ரி ட்ரான்டர் அந்தப் பருவத்தில்தான் எங்களோடு சேர்ந்திருந்தார். அவர் மஞ்சள் கண்ணாடியை எடுத்து மாட்டினார். இடப்பக்கத்தில் சின்னதாக ஒரு டேப்.

"என்ன ஆப்ரி, கண்ணுல அடியா?" என்றார் ஹெஸ்டர்.

"இல்லக்கா. நான் சோத்துக்கைக்காரன், கண்ணு மட்டும் இடது. இத ஒட்டிட்டா சரியாப் போயிரும். ரெண்டு நிமிஷ வேலை."

"எத்தன வருஷமா?"

"பதினோரு வருஷம் ஆச்சு. பெரிய வேட்டைக்காரன்னு சொல்ல மாட்டேன். பானைக்குக் கறி கிடைக்கும்."

ஹெஸ்டர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும் என் பக்கத்தில் நடந்தார். வாய்க்காலைத் தாண்டியதும் கேட்டார்.

"உனக்குத் தெரியுமா, டென்சில், அந்த டேப் விஷயம்?"

"தெரியும்."

"அன்னிக்கிக் கடையில டேப் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ம்," என்றார். தன் இடத்தில் போய் நின்றார்.

மூன்றாவது விரட்டலில் ஓக் மரங்களுக்கு மேலாக ஒரு ஃபெசன்ட் சேவல் எழுந்தது. நல்ல உயரம், இடமிருந்து வந்தது. ஹெஸ்டர் அவசரப்படவில்லை. துப்பாக்கி அவர் கன்னத்துக்குத் தானாக வந்தது. ஒரே வெடி. பறவை நடுவானிலேயே செத்து, தலை தொங்கி, பின்னால் உழுத வயலில் விழுந்தது. சிறகு கூட அடிக்கவில்லை. நான் சொன்னது அத்தனையும் அந்த ஒரு வெடியில் சரியாக இருந்தது.

"அப்படிப் போடு!" என்று எங்கிருந்தோ க்ளெம் குரல் கேட்டது.

"அக்கா, என் நாய விடட்டுமா?" என்றார் ஆப்ரி.

"வேணாம்ப்பா."

ஹெஸ்டர் துப்பாக்கியைத் திறந்து என் கையில் கொடுத்தார். உழுத வயலில் மெதுவாக நடந்தார். சேறு காலில் அப்பியது. பறவை கிடந்த இடத்துக்கு இரண்டடி முன்னால் நின்றார். அவருடைய கை தானாக முழங்கால் வரை தாழ்ந்தது, உள்ளங்கை விரிந்தது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குனிந்து எடுத்துக்கொண்டார்.