மண்டி லாரிக்குக் காத்திருந்த வெங்காயம்

பட்டா மாற்றுவதைத் தள்ளிப்போடும் தோழிகளுக்காக இதை எழுதுகிறேன்.

பெரம்பலூர் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம். பட்டா இறந்துபோன மாமனார் பெயரிலேயே இருந்ததால் கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் கிடைக்கவில்லை. மண்டிக்காரரிடம் விதை வெங்காயத்தைக் கடனாக வாங்கினோம். விளைச்சலை அவருக்கே போட வேண்டும் என்றார். "சரிங்க" என்று முந்திக்கொண்டு சொன்னவள் நான்தான்.

அறுவடை முடிந்து சின்ன வெங்காயம் வயலில் குவிந்து கிடந்தது. மண்டி லாரி வரவில்லை. வானம் கருத்தது. மண்டிக்காரருக்குப் போன் செய்தால், "வந்துடும்மா, வேற ஆளுக்கு எடை போட்டுடாதீங்க" என்றார்.

அந்த வழியாகப் போன வேறொரு வியாபாரி வண்டியை நிறுத்தினார். "உரிக்கறப்பதான் கண்ணு கலங்கும், நீங்க பாத்துக்கிட்டே அழுவுறீங்களே! நான் எடுத்துக்கவா?"

"ஏங்க, குடுத்துடலாமா?" என்று கணவரைக் கேட்டேன்.

"அப்புறம் அடுத்த போகத்துக்கு விதை யாரு குடுப்பா?" என்றார் அவர். வியாபாரியிடம் வேண்டாம் என்று தலையசைத்தேன்.

வண்டி போனது, மழை வந்தது. குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு, கூடை கூடையாக வீட்டுக்குள் சுமந்து மின்விசிறிக்கு அடியில் பரப்பினோம். பாதிதான் தப்பியது. பிறகு வந்த மண்டி லாரிக்காரர்கள் ஈரம் என்று விலையைக் குறைத்தார்கள். கடன் அடைந்தது, கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

நல்ல வெங்காயமாகக் கொஞ்சம் மட்டும் விதைக்கென்று முன்பே ஒதுக்கியிருந்தேன். இப்போது பட்டாவுக்காகக் குழந்தையோடு தாலுகா ஆபீசுக்கு அலைகிறேன்.

சென்ற வாரம் மண்டிக்காரர், "விதை அனுப்பட்டுமாம்மா?" என்று கேட்டார். "வேணாங்க" என்றேன். எங்கள் விதை பாதி நிலத்துக்குத்தான் காணும். மீதியைத் தரிசாகப் போடுவது சரிதானா என்று இன்னும் குழம்புகிறேன். ஆனால் விளைவதை விற்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.