சவரிமுத்து லொறியும் ரேடார் பெட்டியும்

கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லொறி ஓட்டியவர் சவரிமுத்து. தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நானுஓயா ஸ்டேஷனுக்கு அவர் போகும் வேகம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கோழிகளுக்கும் தெரியும். ஹாரன் கேட்டால் கூரையேறிவிடும்.

1962இல் லீவு முடிந்து சீமையிலிருந்து திரும்பிய தோட்டத்து மேனேஜர், பெரிய துரை, ஒரு ரேடார் பெட்டியைக் கொண்டுவந்தார். எதிரே வரும் வண்டிமேல் அது கண்ணுக்குத் தெரியாத அலைகளை வீசும். வண்டி எவ்வளவு வேகமோ, மோதித் திரும்பும் அலைகள் அவ்வளவு நெருக்கமாக வரும்; அதை வைத்து முள் வேகத்தைக் காட்டும். லொறியின் அகன்ற முகத்தைத் தூரத்திலேயே பிடித்துவிடும். பனிமூட்டத்துக்கும் அசராது. ஆனால் மலையைத் துளைக்காது, வளைவில் திரும்பாது. நம் ரோட்டில் வளைவை விட்டால் வேறென்ன இருக்கிறது? தேடிப் பிடித்த ஒரு நேர்த்துண்டில், மூன்று கால் தாங்கியில் பெட்டியை வைத்துத் துரை காத்திருந்தார்.

மேல்ரோட்டில் வரும்போதே சவரிமுத்து அதைக் கண்டுவிட்டார். தன் கல்யாணத்தில் போட்டோ பிடித்தவரும் இப்படித்தான் நின்றார். லொறியை நிறுத்தித் தலைசீவினார். சட்டைப் பொத்தானைப் போட்டார். சிரித்த முகம் கலையாமல் ஊர்ந்து வந்தார்.

முள் ஐந்து மைலைத் தாண்டவில்லை. தோட்டத்திலேயே பொறுப்பான டிரைவர் இவர்தான் என்று துரை எழுதி வைத்தார்.

ஒரு வாரம் பொறுத்த சவரிமுத்து, தோட்ட ஆபீஸ் கிளாக்கர் றோலண்டிடம் கேட்டார்: “ஐயா, போட்டோ வந்திருச்சுங்களா?”

றோலண்ட் சிரித்து முடித்து, அது வேகத்தை மட்டுமே அளக்கும் என்று விளக்கினார். சவரிமுத்துவுக்கு முகம் தொங்கிவிட்டது.

“அப்ப நான் சிரிச்சது ஒண்ணும் அதுல விழலீங்களா?”