மேடையில் சொன்ன பெயர்

ரொலாந்த் பூஷே அதிகம் பேசுகிறவள் இல்லை. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வடகோடியில், மலைக்கு வடக்கே இருக்கிறது எங்கள் ஊர் ஓர்மண்ட். அங்கே பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். பின்னால் பிள்ளைகள் கூரை பெயரக் கத்தினாலும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள், அடங்கிவிடும். மார்ச் மாதத்து ஊர்க்கூட்டத்தில் சாலைக்கு, பள்ளிக்கு, தீயணைப்பு வண்டிக்கு எவ்வளவு பணம் என்று ஆளாளுக்கு எழுந்து சண்டை போடுவோம். அவள் கை தூக்கி ஓட்டுப் போடுவதோடு சரி. கணவர் நார்மண்ட் காகித ஆலையில் இருந்தார். ஆலை மூடிய மறு வருஷமே இறந்துபோனார். ஒரே மகன் ரெமி, மின்கம்பி பழுது பார்க்கிற வேலை. நான் அதே பேருந்துக் கொட்டகையில் எந்த வண்டி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புகிறவள். அவளுக்குப் பக்கத்து வீடும் கூட.

ஜனாதிபதி தேர்தலுக்குக் கட்சி யாரை நிறுத்த வேண்டும் என்று நாட்டிலேயே முதலில் ஓட்டுப் போடுவது எங்கள் மாநிலம். அதனால் நான்கு வருஷத்துக்கு ஒரு குளிர்காலம் வேட்பாளர்களின் காலில் இடறாமல் நடக்க முடியாது. சாப்பாட்டுக் கடையில் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் எதிர் நாற்காலியில் ஒரு செனட்டர் வந்து உட்காருவார். ரொலாந்த்துக்கு அவர்களைக் கண்டால் ஆகாது.

"போன தடவை வந்தவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டே எனக்குப் பின்னாடி இருக்கறவங்களப் பாத்துச் சிரிச்சார், டெல்மா. என் கை அங்கயே மாட்டிக்கிச்சு. டோஸ்ட் ஆறிப்போச்சு" என்பாள்.

அப்படிப்பட்டவள் வேட்பாளர்கள் முன்னால் நின்று பேச நேர்ந்தது அவளுடைய பேத்தியால்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடினார்கள். பிள்ளை பெறுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், டாக்டர்கள் வர மாட்டேன் என்கிறார்கள், கட்டுப்படியாகவில்லை என்றார்கள். அதற்குப் பிறகு பிரசவம் என்றால் கணவாய் வழியாக மலையைக் கடந்து அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். ரெமியின் மனைவி ஷெல்பிக்கு அப்போது எட்டாம் மாதம். பிப்ரவரியில் ஒரு பனிப்புயல் அடித்தது. கம்பிகள் அறுந்து கிடந்ததால் ரெமி வேலைக்குப் போயிருந்தான். ஷெல்பிக்கு எதிர்பாராமல் வலி கண்டது. ஊரின் ஒரே ஆம்புலன்ஸ் வேறொரு விபத்துக்குப் போயிருந்தது. பனியில் வண்டி ஓட்ட ரொலாந்த்தை விட்டால் ஆள் கிடையாது. மருமகளைப் பின்சீட்டில் படுக்கவைத்து அவளே கிளம்பினாள்.

கணவாயின் உச்சிக்கு முன்னாலேயே குழந்தை பிறந்துவிட்டது. ரத்தம் நிற்காமல் போய் ஷெல்பிக்கு நினைவு தப்பியது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு ஆம்புலன்ஸில் வந்தவர்கள் ஷெல்பியைக் காப்பாற்றினார்கள். பெண் குழந்தை பிழைக்கவில்லை. அதற்கு எலோடி என்று முன்பே பெயர் வைத்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் ஷெல்பி குழந்தையைக் கேட்டாள். ரொலாந்த்தான் பதில் சொன்னாள். "பொறக்கும்போதே போயிட்டா, கண்ணு."

அந்த வருஷக் கடைசியில் தேர்தல் சூடு பிடித்தது. தெற்கே ஒரு கல்லூரி அரங்கில் வேட்பாளர்களின் விவாதம் ஏற்பாடாயிற்று. யாருக்கு ஓட்டு என்று இன்னும் முடிவு செய்யாத சாதாரண ஜனங்கள் சிலர் கேள்வி கேட்கலாம் என்று தொலைக்காட்சியிலிருந்து கேசி என்ற இளம்பெண் ஊர் ஊராக வந்து ஆள் தேடினாள். எங்கள் கொட்டகையிலும் வந்து நின்றாள். எல்லோரும் தரையைப் பார்த்தோம். ரொலாந்த், "நான் கேக்கறேன்" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன்.

கேள்வியைக் கேசியே ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தாள். ஊர்ப்புறங்களில் பிரசவ வார்டுகள் மூடப்படுகின்றன, உங்கள் திட்டம் என்ன? அவ்வளவுதான்.

ரொலாந்த் மருமகளிடம் முன்கூட்டியே சொன்னாள். "ஆஸ்பத்திரியப் பத்தித்தான் கேக்கப் போறேன், ஷெல்பி. நம்ம வீட்டு விஷயம் ஒண்ணும் வராது."

"கேளுங்க. யாராவது கேக்கணும்ல" என்றாள் ஷெல்பி.

அன்று நானும் கூடப் போனேன். மேடையில் ஐந்து பேர். நடுவில் நின்ற இருவருக்கும்தான் உண்மையான போட்டி. ஒருவர் செனட்டர் டெவர்ஸ், வெள்ளை முடி, கேட்கிறவரைக் கட்டிப்போடும் குரல். இன்னொருவர் கவர்னர் ஹிக்கி, குள்ளமான அம்மாள், கறார் பேச்சு. மருத்துவத் திட்டம் பற்றி இருவரும் மோதிக்கொண்டார்கள்.

"கவர்னரோட திட்டத்துல ஊர்ப்புறத்துக்குன்னு ஒண்ணுமே இல்ல" என்றார் டெவர்ஸ்.

"செனட்டர் அதை முழுசாப் படிக்கல. பின்பக்கத்தையும் கொஞ்சம் திருப்பிப் பாக்கச் சொல்லுங்க."

"திருப்பிப் பாத்தேன், கவர்னர். காலியா இருந்துச்சு."

அரங்கம் கைதட்டிச் சிரித்தது. ஹிக்கிகூடச் சிரித்துவிட்டார். ஓரத்தில் நின்றவர், "எனக்கும் ஒரு பக்கம் குடுங்கப்பா" என்றார். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ரொலாந்த்தை மைக் முன்னால் நிறுத்திவிட்டார்கள். அவள் அட்டையைப் பார்த்தாள். பிறகு கையை இறக்கிக்கொண்டாள்.

"என் பேரு ரொலாந்த். ஸ்கூல் பஸ் ஓட்டறேன். எங்க ஊர்ல பிரசவ வார்ட மூடிட்டாங்க. என் பேத்தி எலோடி மலைமேல, என் கார்லதான் பொறந்தா. என் கோட்டுக்குள்ள வச்சிருந்தேன். என் விரலப் பிடிச்சுக்கிட்டா. ஆம்புலன்ஸ் வெளிச்சம் தெரியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி விட்டுட்டா. நீங்க சிரிச்சு முடிச்சிட்டீங்கன்னா சொல்லுங்க. அடுத்த குழந்தைக்கு என்ன செய்யப் போறீங்க?"

முதலில் பதில் சொல்ல வேண்டிய முறை ஹிக்கியுடையது. "அந்த வார்டை நான் தெறந்துடுவேன்னு இப்ப சொன்னா அது பொய், அம்மா. டாக்டர்களை அங்க வரவைக்க ஒரு வழி வச்சிருக்கேன். அதுக்கும் வருஷங்கள் ஆகும்" என்றார். யாரும் கை தட்டவில்லை. டெவர்ஸ் தன் இடத்தை விட்டு மேடை விளிம்புக்கு வந்தார். அவர் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன. "ரொலாந்த், எலோடிங்கற பேர நான் மறக்க மாட்டேன். நான் போற ஊர்லல்லாம் சொல்லுவேன்" என்றார். அரங்கம் எழுந்து நின்றது.

ரொலாந்த் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் என்ன சொன்னேன், டெல்மா?" என்று கேட்டாள்.

"எல்லாத்தையும் சொல்லிட்ட."

குழந்தை உயிரோடு பிறந்த விஷயம் எனக்கே அப்போதுதான் தெரியும். அவள் முகம் வெளிறியதைப் பார்த்தபோதுதான் ஷெல்பிக்கும் அது தெரியாது என்பது உறைத்தது.

மறுநாள் மகன் வீட்டுக்குப் போகத் துணைக்கு என்னையும் கூப்பிட்டாள். ஷெல்பி எங்களை உட்காரச் சொல்லவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியில் சாய்ந்து நின்றபடியே பேசினாள்.

"உங்க விரலப் பிடிச்சுக்கிட்டான்னு சொன்னீங்க."

"ஆமா."

"எங்கிட்ட பொறக்கும்போதே போயிட்டான்னு சொன்னீங்க."

"நீ அப்ப இருந்த நிலைமைல, ஷெல்பி..."

"அப்ப சரி. அதுக்கப்புறம்? வருஷம் ஓடப் போகுது. எங்கிட்ட சொல்ல வாய் வரல. டிவியில நாட்டுக்கே சொல்ல வந்துச்சா?" அவள் குரலை உயர்த்தவே இல்லை. "அவ பேர நானே இன்னும் வெளியில ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். கொஞ்ச நாளைக்கு இங்க வராதீங்க, ரொலாந்த்."

ரெமி எங்களோடு வெளியே வந்தான். எங்கள் காரின் கண்ணாடியில் படிந்திருந்த பனியைச் சுரண்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போனான்.

டெவர்ஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். போன இடத்திலெல்லாம் ஓர்மண்ட் பாட்டியையும் எலோடியையும் பற்றிப் பேசினார். கூட்டங்கள் அழுதன. அவரை ஆதரிக்கிற, ஆனால் அவர் கட்டுப்பாட்டில் இல்லாத ஒரு குழு, ரொலாந்த் பேசியதை அப்படியே வெட்டி விளம்பரமாக்கியது. பெட்ரோல் போடுகிற இடத்துத் திரையில்கூட அது ஓடியது. ஷெல்பி மருந்துக்கடையில் கல்லாவில் இருந்தாள். இருமல் மருந்து வாங்க வருகிறவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம்மா எலோடி" என்றார்கள். ஒரு நாள் பாதியில் எழுந்து வீட்டுக்குப் போனவள், பிறகு வேலைக்கு வரவில்லை.

இதைக் கேள்விப்பட்ட ரொலாந்த், "அந்த ஆளை நிறுத்தணும், டெல்மா" என்றாள்.

பக்கத்து ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் டெவர்ஸின் கூட்டம். வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நாற்காலி போட்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "யார் வந்திருக்காங்கன்னு பாருங்க" என்று கூட்டத்துக்குச் சொல்லிவிட்டு, மைக்கோடு அவளிடமே வந்தார். எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். அவளுடைய ஆதரவு தனக்குத்தான் என்று அவர் நினைத்திருப்பார். ரொலாந்த் அவர் மணிக்கட்டைப் பிடித்து மைக்கைத் தாழ்த்தினாள். அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள். ஒட்டி நின்றதால் எனக்கும் கேட்டது.

"செனட்டர், அந்தப் பேர் நான் குடுக்கறதுக்கு என்னோடது இல்ல. அவ அம்மாவோடது. நான் கேக்காம எடுத்துட்டேன். நீங்க எங்கிட்டருந்து எடுத்துட்டீங்க. இனிமே சொல்லாதீங்க."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கச் சற்று நேரம் ஆயிற்று. "விளம்பரம் நான் போடறது இல்லம்மா. அது வேற குழு. சட்டப்படி நான் அவங்ககிட்ட அதைப் பத்திப் பேசக்கூடாது."

"உங்க வாய் உங்களோடதுதானே?"

அவர் தலை குனிந்தார். "ஆமா" என்றார்.

விளம்பரம் நிற்கவில்லை. ஆனால் அவர் பேச்சில் அந்தப் பெயர் பிறகு வரவில்லை. ஓட்டுப் பதிவுக்குச் சில நாள் முன்பு கடைசி விவாதம் நடந்தது. ரொலாந்த் வீட்டில் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நடத்துகிறவர் வேண்டுமென்றே பிரசவ வார்டுக் கேள்வியை டெவர்ஸிடம் எடுத்துக் கொடுத்தார்.

"ஓர்மண்ட்ங்கற ஊர்ல..." என்று ஆரம்பித்தார் டெவர்ஸ். நின்றுவிட்டார். தண்ணீர் குடித்தார். அரங்கம் காத்திருந்தது.

ஓரத்தில் நின்ற அதே வேட்பாளர், "செனட்டருக்கு மனப்பாடம் மறந்துபோச்சு போல" என்றார். சிரித்தார்கள். ஹிக்கி சிரிக்கவில்லை. டெவர்ஸ் சில புள்ளிவிவரங்களைத் தட்டுத் தடுமாறிச் சொல்லி, நேரம் முடிவதற்குள்ளேயே முடித்துக்கொண்டார். அவருக்கு வயதாகிவிட்டது என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. ஓட்டு எண்ணியபோது மூன்றாம் இடம். ஹிக்கி ஜெயித்தார், எங்கள் மாநிலத்தில் மட்டும். அந்த ஒரு தடுமாற்றத்தால்தான் டெவர்ஸ் தோற்றார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது ஏன் வந்தது என்று தெரிந்தவர்கள் அவரைத் தவிர இரண்டு பேர்தான்.

மூன்றாவதாக ஒருத்தி ஊகித்துவிட்டாள். விவாதத்துக்கு மறுநாள் மத்தியானம் நாங்கள் பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்தபோது ஷெல்பி கதவைத் தட்டினாள். கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவர்கிட்ட போனீங்களா?"

"போனேன்" என்றாள் ரொலாந்த்.

"அவ கண்ணத் தெறந்தாளா?" என்று கேட்டாள் ஷெல்பி.

"தெறந்தா."

"எந்த மாதிரிக் கண்ணு?"

நான் எழுந்து என் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ரொலாந்த் அன்று என்னென்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. ஷெல்பியின் கார் பொழுது சாயும்வரை அங்கேயே நின்றது. இவ்வளவையும் இங்கே எழுதுவதற்கு ஷெல்பியிடம் கேட்டுக்கொண்டேன். பெயரையும் எழுதலாம் என்று அவளேதான் சொன்னாள்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. ஷெல்பி வாரக்கணக்கில் பேசாமல் இருந்ததும் உண்டு. ரொலாந்த்தும் போய் நெருக்கவில்லை. மே மாதம் உறைந்த நிலம் இளகியதும் குழந்தையின் கல்லறைக்குக் கல் நட்டார்கள். அன்று ஷெல்பி, "ரொலாந்த், நீங்க என் பக்கத்துல நில்லுங்க" என்று மட்டும் சொன்னாள்.

எங்கள் ஊர் வார்டு இன்றுவரை திறக்கவில்லை. ஹிக்கி வேறு மாநிலங்களில் தோற்று விலகிவிட்டார். அடுத்த தேர்தலுக்கு வந்தவர்கள் வேறு விஷயங்களைப் பற்றிப் பேசினார்கள்.

ஷெல்பி மறுபடி உண்டானபோது, எட்டாம் மாதம் பிறக்கும் முன்பே ரொலாந்த் பள்ளிக்கூடத்தில் விடுப்புச் சொன்னாள். மலைக்கு அந்தப் பக்கம், ஆஸ்பத்திரித் தெருவிலேயே ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து மாமியாரும் மருமகளும் தங்கினார்கள். ரெமி வேலை முடிந்த நாட்களில் வந்து போனான். ஒரு காலை வலி கண்டது. ரொலாந்த் கார் சாவியைத் தேடினாள்.

"எதுக்கு? நடந்தே போயிடலாம்" என்றாள் ஷெல்பி.

இருவரும் கையைக் கோத்துக்கொண்டு, பனியை வாரி ஒதுக்கியிருந்த நடைபாதையில் மெல்ல நடந்து போனார்கள்.