பியற்றிஸ் முழங்காலிடுவதில்லை

லண்டனில் எங்கள் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்களிடம் பியற்றிசைப் பற்றிக் கேட்டால் முதலில் வருகிற பதில் இதுதான்: "அவவோ? நற்கருணை எழுந்தேற்றத்துக்கும் முழங்காலிடாத ஆள்." கோயில் முழுவதும் முழங்காலில் இருக்கும்போது, கடைசித் தூணருகில் அவள் மட்டும் நின்றுகொண்டிருப்பாள். தலைக்கனம் என்றார்கள். இரகசியமாக வேறு சபைக்குப் போகிறாள் என்றுகூடச் சொன்னார்கள். கதை கட்ட எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

நானும் அவளும் விமான நிலையத்துச் சமையற்கூடத்தில் ஒரே ஷிப்ட். பயணிகளுக்கான சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குவது எங்கள் வேலை. ஒருநாள் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தவளைத் தூக்கிவிடப் போனபோதுதான் கண்டேன். வலது தொடையின் பாதிக்குக் கீழே பொய்க்கால். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்றாள். நோகிறது என்றுகூடச் சொல்லவில்லை.

இலங்கைத் தமிழருக்குக் கால் இல்லையென்றால் எல்லோரும் குண்டு, கண்ணிவெடி என்றுதான் நினைப்பார்கள். அவளுடைய காலை எடுத்தது மன்னாரில் ஒரு மீன் லொறி. கொன்வென்ற் பள்ளிக்கூடத்துக் கரப்பந்து அணியில் அவள் ஆடிக்கொண்டிருந்த வயது அது. பிறகு செபமாலைமுத்து அவளை விரும்பிக் கட்டினார். நல்ல மனிதர்தான். ஆனால் தன்னை லண்டனுக்குக் கூப்பிட்டெடுத்த அக்கா மேரிறோசுக்குப் பயந்தவர். "காலில்லாத பெட்டையையோ கட்டினனி எண்டு கேப்பா. அவவுக்குத் தெரியவேண்டாம்" என்று விமானம் ஏறுமுன்பே சொல்லிவிட்டார். அக்கா ஈஸ்ட் ஹாமில், இவர்கள் ஹவுன்ஸ்லோவில். நீளப் பாவாடையும் இடையில் கிடந்த லண்டனும் அந்த இரகசியத்தைக் காத்தன.

அக்கா எங்கள் பூசைக்கு வரும் திருநாள்களில் மட்டும் தப்ப முடியாது. "ஆண்டவருக்கு முன்னாலயும் உமக்கு முழங்கால் மடியாதோ?" என்று மேரிறோஸ் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்பார். உட்கார்ந்துகொள்ளலாமே என்று நானும் பியற்றிசிடம் சொல்லிப் பார்த்தேன். உட்கார்ந்தால் எழும்பும்போது கையூன்ற வேண்டும், கண்டவர்கள் விசாரிப்பார்கள் என்று நின்றே பழகிவிட்டாள். மச்சாளின் கேள்விக்கு ஒரு சிரிப்போடு சரி. அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பொய்க்கால் பொருத்தும் கிளினிக்கில் ஒரு பெண் சொல்லித்தான், புதன்கிழமை மாலைகளில் அவள் உட்கார்ந்து ஆடும் கரப்பந்துக்குப் போகத் தொடங்கினாள். கார் ஓட்ட நான். வலை தாழ்வாக இருக்கும், எல்லோரும் தரையில் இருந்து ஆட வேண்டும். பந்தை அடிக்கும்போது உடம்பு தரையைவிட்டு எழும்பினால் பிழை. பொய்க்கால் இடைஞ்சல் என்று கழற்றிவிடுவார்கள். முதல் நாள் அவள் கழற்ற மனமில்லாமல் சுவரோரம் நெடுநேரம் இருந்தாள். மடு மாதா கோயில் வாசலில் செருப்புகள் கிடப்பதுபோல மற்றவர்களின் கால்கள் அங்கே வரிசையாகக் கிடந்தன. அதைப் பார்த்துத்தான் துணிந்தாள். கால் உள்ளவர்களும் ஆடலாம் என்றதால் நானும் இறங்கினேன். இரண்டு காலையும் வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. அவளோ கைகளால் தரையைத் தள்ளி வழுக்கிப் போய், பந்து வருமுன் அதன் கீழே இருப்பாள். அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் இடம் அவளுடையதாயிற்று. அவள் வாய்விட்டுச் சிரித்ததை அங்கேதான் முதன்முதலில் கேட்டேன்.

இந்தக் கோடையில் வந்தது சோதனை. எங்கள் கோயில் விளையாட்டு விழாவை நடத்தும் றொமேஷ், புதிதாக ஏதாவது வேண்டும் என்று எங்கள் கழகத்தைக் காட்சி ஆட்டத்துக்கு அழைத்துவிட்டான். அதில் பியற்றிஸ் இருப்பது அவனுக்குத் தெரியாது. கப்டின் ஜோன் உடனே சம்மதித்தாள். பியற்றிஸ் இல்லாமல் அணி இல்லை என்றும் சொல்லிவிட்டாள்.

விஷயம் தெரிந்ததும் செபமாலைமுத்து என் முன்னாலேயே வெடித்தார். "உனக்கு விசரோ? அக்கா வருவா. இவ்வளவு காலம் காப்பாத்தினதைப் போட்டு உடைக்கப்போறியோ?"

"காப்பாத்தினது நீங்களில்லை" என்றாள் பியற்றிஸ். "தூணோட நிண்டது நான்."

அவரிடம் அப்படிப் பேசியவள் என் காரில் ஏறியதும் அழுதாள். "வெள்ளைக்காரருக்கு முன்னால கழட்டிப்போடுவன். எங்கட சனத்துக்கு முன்னால ஏலுமோ தெரியேல்லை." எனக்கும் தெரியவில்லை. அவள் மாட்டேன் என்றால் புதன்கிழமைகளும் போய்விடும், மறுபடி தூணும் சிரிப்பும்தான் மிஞ்சும் என்று பயந்தேன்.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில், ஃபாதருக்குப் பக்கத்தில் மேரிறோஸ். நாங்கள் உள்ளே வந்ததும் பியற்றிசைக் கண்டு முகத்தைச் சுருக்கினார். அவள் யாரையும் பார்க்கவில்லை. சுவரோரக் கதிரையில் உட்கார்ந்து, காற்சட்டையைச் சுருட்டி, காலைக் கழற்றினாள். பூசைக்குப் போட்டுவரும் அதே மண்ணிறச் சப்பாத்தோடு அதை மற்றவர்களின் கால்களோடு வைத்தாள். "ஐயோ மாதாவே" என்று யாரோ சொன்னது எல்லோருக்கும் கேட்டது. அவள் தரையில் இறங்கி, கைகளால் தள்ளிக்கொண்டு நடுவுக்குப் போனாள்.

முதற் பந்து அவள் கையிலிருந்து நழுவியது. அடுத்தது நழுவவில்லை. பிள்ளைகள்தான் முதலில் கைதட்டினார்கள், பிறகு மண்டபமே தட்டியது. வென்றோம் என்று எழுதத்தான் ஆசை. நான் விட்ட பந்துகளால் தோற்றோம்.

ஆட்டம் முடிந்து அவள் தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது மேரிறோஸ் எழுந்தார். சுவரோரம் போய் அந்த மண்ணிறச் சப்பாத்தைத் தேடிப் பிடித்து, காலை இரு கைகளாலும் எடுத்துவந்தார். வலைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, மூட்டு நோவோடு, பியற்றிசுக்கு முன்னால் முழங்காலிட்டார்.

"இதை எப்பிடிப் போடுறது, பிள்ளை?"

"எழும்புங்கோ மச்சாள். உங்களுக்கு முழங்கால் நோகும்."

அவர் எழும்பவில்லை. "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

வாசலோரம் நின்ற செபமாலைமுத்து தலையைக் குனிந்துகொண்டார். பியற்றிஸ் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"முழங்காலிடு எண்டு எத்தினையோ தரம் சொன்னனீங்கள், மச்சாள். ஏன் ஏலாது எண்டு ஒருக்காலும் கேக்கேல்லை."

மேரிறோஸ் எல்லோருக்கும் முன்னால் அழுதார். பியற்றிஸ் அவர் கையிலிருந்து காலை வாங்கித் தானே போட்டாள். வலைக் கம்பத்தைப் பிடித்து எழுந்து நின்று, இன்னும் முழங்காலில் இருந்த மச்சாளைத் தூக்கிவிடக் கை நீட்டினாள்.