ஏதோ வருது

எனக்கு மூன்று சம்பளம். வீட்டுக்காரரிடம் சொல்வது பதினோராயிரம். அவருடைய அக்காவிடம் சொல்வது பதினெட்டு. கூட வேலை செய்கிறவர்கள் கேட்டால் "ஏதோ வருது". நிஜமாகவே கைக்கு வருவது இந்த மூன்றிலும் சேராது, அது எனக்கும் பேங்க்குக்கும் மட்டும் தெரிந்த சமாச்சாரம். இப்படியே எட்டு வருஷம் ஓட்டினேன், கஸ்தூரி வாயைத் திறக்கிற வரைக்கும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கு வயர் கட்டித் தருகிற கம்பெனியில் எங்களுக்கு வேலை. வானகரம், வேலப்பன்சாவடி, நூம்பல் என்று அள்ளிக்கொண்டு வருகிற வேனில் எல்லாக் கதையும் ஓடும். யாருக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள், யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எல்லாம் தெரியும். சம்பளம் என்று வந்தால் மட்டும் ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள். வேலையில் சேருகிற அன்றைக்கே மேனேஜர் சிவராமன் சார் சொல்லிவிடுவார்: "சம்பளத்தப் பத்தி ஒருத்தருக்கொருத்தர் பேசக் கூடாது. பேசினா வேலை கிடையாது."

கஸ்தூரி எனக்கு அடுத்த மெஷின். நூம்பல்காரி. சேர்ந்து நாலு வருஷம்தான் ஆகிறது. ஷேர் ஆட்டோக்காரன் பத்து ரூபாய் கூடக் கேட்டால் அவள் போடுகிற சத்தத்தில் வேலப்பன்சாவடி சிக்னலே திரும்பிப் பார்க்கும். அவள் புருஷன் ஜானகிராமன் பெயின்ட் அடிக்கிற வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்ப் படுத்தவர். அந்த வீட்டில் அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில். அதனால்தான் சொல்கிறேன், அன்றைக்கு அவள் செய்ததை நினைத்தால் இன்னமும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

எங்கள் ஹாலில் ரகசியம் பேசுவதற்கு ஒரு முறை உண்டு. வயர் முனையில் பித்தளையை வைத்து அழுத்துகிற மெஷின்கள் வரிசையாக அடிக்கிற அடியில், காதருகே போய்க் கத்தினால்தான் கேட்கும். எவ்வளவு கத்தினாலும் மூன்றாவது ஆளுக்கு எட்டாது. வெளியே போனால் எங்களைச் சண்டைக்காரிகள் என்பார்கள். உள்ளே அதுதான் குசுகுசுப்பு.

அன்று மதியம் நான் அவள் காதில் கத்தினேன். "சம்பளம் ஏத்திக் கேட்டேன்டி. நம்ம லைன்ல பதிமூணுக்கு மேல யாருக்குமே இல்லன்னுட்டாரு சாரு."

கஸ்தூரியின் கை நின்றது. என் பக்கம் சாய்ந்து தொண்டை கிழியக் கத்தினாள்.

"பொய்யி சொல்லுறாருடி ரேணுகா! எனக்கே பதினாறாயிரம் வர்து!"

'பொய்யி' என்கிறபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. 'பதினாறாயிரம்' என்கிறபோது கரண்ட் போயிருந்தது.

ஹால் முழுக்க அந்த எண் போய் விழுந்தது. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எட்டு வருஷக்காரி நான், நேற்று வந்தவளுக்கு மூவாயிரம் அதிகமா? அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். அது வெளிறிக் கிடந்தது.

சிவராமன் சார் கண்ணாடி அறையிலிருந்து வந்துவிட்டார். கெட்டவர் இல்லை, கெட்டிக்காரர். பல்லைக் காட்டிக்கொண்டே அவளுக்கு ஒரு வழியும் விட்டார்.

"இன்னா கஸ்தூரிம்மா, சீட்டுப் பணத்தத்தான சொன்னீங்க? பதினாறாயிரம் சீட்டு எடுத்தீங்களா?"

ஆமாம் என்று சொல்லேன்டி, தலையையாவது ஆட்டேன்டி என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஒரு சொல் போதும், வேலை தங்கும், அந்த மூவாயிரமும் தங்கும்.

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்ல சார். சம்பளத்தத்தான் சொன்னேன். எனக்கு மட்டும் ஏத்திட்டு யார்கிட்டயும் சொல்லாதன்னீங்க. ரேணுகா எனக்கு முன்னாலேர்ந்து கீறா. அவகிட்ட பதிமூணுக்கு மேல யாருக்கும் இல்லன்னீங்களாம்."

"கம்பெனி ரூல் தெரியும்ல?"

"என் சம்பளம் சார் அது. உங்க சம்பளத்தையா சொல்லிட்டேன்?"

கடவுளே! இப்படி ஒரு பேச்சு இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது. என் சம்பளம் என்னுடையது. இதைச் சொல்ல ஒரு படிப்பும் வேண்டாம். ஆனால் எட்டு வருஷத்தில் எனக்குத் தோன்றவில்லையே!

சார் முகத்தில் சிரிப்பு போனது. "அப்ப நாளையிலேர்ந்து..." என்று ஆரம்பித்தார். அதற்குள் ஜெனரேட்டர் வந்துவிட்டது. சுவிட்சை அணைக்க யாருக்கு நினைப்பு இருந்தது? அத்தனை மெஷினும் ஒன்றாக உறுமின. அவர் உதடு மட்டும் அசைந்தது.

கஸ்தூரி காதருகே கையைக் குவித்தாள். "கேக்கல சார்!"

எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது, என் மெஷினை அணைத்தேன். எதிரே வடிவு அணைத்தாள். அப்புறம் அவளுக்குப் பின்னால் ஒருத்தி. கடைசி மெஷினும் ஓய்ந்தபோது ஜெனரேட்டர் மட்டும் எங்கோ வெளியே முனகிக்கொண்டிருந்தது.

"இப்பச் சொல்லுங்க சார். எல்லாருக்கும் கேக்கும்," என்றாள் கஸ்தூரி.

அவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். நான்தான் முதலில் வாய் திறந்தேன்.

"எனக்குப் பதிமூணாயிரம் சார்."

"பதினொண்ணேமுக்கா," என்றாள் வடிவு. அவளும் அதே வேலைதான் செய்கிறாள்.

சார் தொண்டையைக் கனைத்தார். "வேலையப் பாருங்க," என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். நாளையிலிருந்து என்ன என்பதை அவர் சொல்லவே இல்லை. மறுநாளும் கஸ்தூரி வேனில் ஏறினாள், வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள்.

ஆனால் வேன் டிரைவர் என் வீட்டுக்காரரின் கூட்டாளி. கரண்ட் போன அன்றைக்கே சாயங்காலம் நான் வீடு சேர்வதற்குள் போனில் சேதி சேர்ந்திருந்தது. வாசலிலேயே நின்றார் மனிதர்.

"பதிமூணாமே? பதினொண்ணுன்ன?"

செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தேன்.

"பதிமூணுதான். பதினாறு வரணும். கேட்டுகினு கீறேன்."