பத்தொன்பது ஒன்றுகளும் பர்ஸானா டீச்சரும்

நவம்பர் 12, காலை 6.50. எங்கள் பாடசாலை ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: "பர்ஸானா டீச்சர் வபாத். டெங்கு." பத்து நிமிடத்தில் நாற்பத்தொரு இரங்கல்கள். உயிரோடு இருந்தபோது இதில் பாதிப்பேர் அவருக்குக் காலை வணக்கம்கூடச் சொன்னதில்லை.

மதுரங்குளிப் பக்கத்தில் கணிதம் படிப்பித்தவர் அவர். யுத்தத்தில் வடக்கிலிருந்து கைக்குழந்தையாகத் தில்லையடிக்கு வந்தவர். நான் கண்டக்குழிக்காரன். கம்பியூட்டர் படிப்பிக்கச் சேர்ந்த முதல் வாரமே என் மேசைக்கு வந்துவிட்டார்.

"தம்பி, பதினொண்டு முதன்மை எண். ஒண்டும் அதுவும் மட்டுந்தான் பிரிக்கும். மூணு ஒண்டு எழுதினா?"

"நூற்றிப் பதினொண்டு. மூணால பிரியும்."

"நாலு ஒண்டு பதினொண்டால பிரியும். பதினேழு ஒண்டும் உடைஞ்சிட்டு. பத்தொம்பதுல உடையாம நிக்கிது எண்டு வாசிச்சன். நம்மளே பார்க்கோணும்."

"இதால என்ன பிரயோசனம் டீச்சர்?"

"பிரயோசனம் பார்த்தாக் கலியாணமும் கட்டேலாது. எழுதுங்க."

நிரல் எழுதினேன். 1 111 111 111 111 111 111. வர்க்கமூலம் ஏறத்தாழ நூற்றைந்து கோடி; அதற்குள் பிரியாவிட்டால் பிறகும் பிரியாது. அதுவரை எதுவும் அதைப் பிரிக்கவில்லை. அன்று டீச்சர் ஆசிரியர் அறை முழுவதற்கும் பெட்டிஸ் வாங்கினார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. தின்றார்கள்.

பிறகு கண்காட்சி வந்தது. மாணவிகள் அந்த எண்ணைப் பெரிதாக எழுதி, 'முதன்மை எண்' என்று தொங்கவிட்டிருந்தார்கள். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி அதை மடிக்கணினியின் விரிதாளில் அடித்தார். திரையில் 1 111 111 111 111 110 000.

"பத்தால பிரியுதே டீச்சர்! பிள்ளைகளுக்குப் பிழையப் படிப்பிக்கிறீங்களே."

"சேர், ஒண்டுல முடியிற எண் பத்தால எப்பிடிப் பிரியும்?"

"கம்பியூட்டரவிட நீங்க பெரிய ஆளோ?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் குறுக்கிட்டேன்: "சேர், விரிதாள் பதினைஞ்சு இலக்கந்தான் வெச்சிருக்கும். மிச்சத்த சைபராக்கிப் போடும்."

பாடசாலை அதிபர் என் தோளில் தட்டினார். "தம்பி, நீங்க போய் அந்த மைக்கப் பாருங்க."

"பாட அறிவு போதாது" என்று அதிகாரி டீச்சரின் கோப்பில் எழுதினார். அந்த ஒரு வசனத்தால் டீச்சரிடமிருந்து, பொதுப் பரீட்சை எழுதும் சாதாரணதர வகுப்பைப் பறித்து, ஆறாம் ஆண்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு தடவை மேன்முறையீடு செய்தார். பதில் வரவில்லை. "அவங்களுக்கு எண் பிழைச்சாப் பரவாயில்ல தம்பி, சேர் பிழைக்கக் கூடாது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கினார்கள். பள்ளிவாசல் வாசலில் அவருடைய கணவர் என் கையைப் பிடித்தார். "அந்த வசனம் இன்னும் அவட பைல்ல ஈக்கிதா?"

"ஓம்."

"மகளும் கணக்கு டீச்சராகத்தான் போறாளாம். உம்மாட பேர்ல அது கிடக்கக் கூடாது தம்பி."

அதிபரோ இரங்கல் கூட்டத்துக்கு 'கணித தீபம்' என்று பதாகை அடிக்கக் கொடுத்திருக்கிறார். எனவே:

1. திங்கட்கிழமை வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போவேன். அந்த வசனத்தை வெட்டும்படி எழுத்தில் கேட்பேன்.

2. மறுத்தால், அதிகாரியிடம் ஒரு பேனையைக் கொடுத்து, அந்த எண்ணைக் கையால் பத்தால் வகுக்கச் சொல்வேன். மிச்சம் ஒன்று வரும். அவர் அதை எழுதும்வரை எழும்ப மாட்டேன்.

3. வெட்டிய பிரதியை டீச்சரின் மகள் கையில் கொடுப்பேன். அதற்குப் பிறகுதான் உங்களுக்கு என் சலாம், டீச்சர். இப்போது சொல்ல வாய் வரவில்லை.