நடுவில் ஒன்றுமில்லை என்றேன்

பிள்ளைகளா, அப்பா கோபக்காரன் என்று உங்கள் அம்மா சொல்வது சரிதான். ஆனால் அந்த நாள் கோபம் யார் மேல் என்று உங்களுக்குத் தெரியாது.

பெரியவளே, நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே எண்களுக்கு முடிவே இல்லை என்று கணக்கு வாத்தியார் நடத்தியிருக்கிறார். நீ எழுந்து, "ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணினே போனாலும் முடிவில்லியே. அப்போ எது சார் ஜாஸ்தி?" என்று கேட்டாய்.

"தோல் ஷெட்டுல நிக்கப் போறவளுக்கு இது எதுக்கு? உக்காரும்மா" என்றாராம். வகுப்பே சிரித்ததாம். இனிமேல் பள்ளிக்கூடமே போகமாட்டேன் என்று வந்து சொன்னாய்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போய் அந்த ஆளின் சட்டையைப் பிடிக்கலாம். பிடித்துவிட்டு என்ன பேசுவது? கேள்வியே எனக்குப் புரியவில்லை. உன்னிடமே கேட்டேன்.

ஆம்பூர் தொழிற்சாலையில் நான் தோலின் கனம் பார்க்கிறவன். கேஜ் என்கிற அளவுக் கருவியில் தோலைச் செருகுவேன், முள் காட்டுகிற கோட்டின் அளவை எழுதுவேன். நீ அதையே உதாரணமாக எடுத்துக்கொண்டாய்.

"ஒண்ணு புள்ளி ரெண்டு மில்லிமீட்டருக்கும் ஒண்ணு புள்ளி மூணுக்கும் நடுவுல இன்னாப்பா இருக்குது?"

"ஒண்ணும் இல்ல. பதினெட்டு வருஷமா பாக்கறேன்."

"முள்ளு நடுவுல நின்னா?"

"கம்மியானத எழுதுவேன். பேஜார் பண்ணாத."

"இருக்கறத இல்லன்னு எழுதற. நீயும் அந்த சாரும் ஒண்ணுதான், போ!"

கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனால் நீ கண்ணை இறுக மூடிக்கொண்டாய்.

முடிவில்லாத ஒன்றை நினைத்தால் தலை சுற்றுகிறது. அதை மறைக்க வாத்தியார் வகுப்பைச் சிரிக்கவைத்தார், நான் கை ஓங்கினேன். இரண்டும் ஒரே கேவலம்தான். அன்று முழுக்க என்மேல் எனக்கு அப்படியொரு ஆத்திரம்.

மறுநாள் உன்னை வண்டியில் ஏற்றிப் பள்ளிக்கூடம் போனேன். "சார், இவ கேட்டது எனக்கும் தெரியல. உங்களுக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. ஷெட்ட இழுக்காதீங்க. அங்க நிக்கறவன் நான்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியாதுங்க" என்றார், உன்னைப் பார்த்து. நீ வகுப்புக்குள் போனாய்.

எனக்கு என்மேல் இருந்த கோபம் அடங்கவில்லை. தொழிற்சாலையில் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு ஒரு கழிவுத் தோல் துண்டை எடுத்து, இரண்டு ஓரத்திலும் பேனாவால் புள்ளி வைத்தேன். நடுவில் ஒன்று. அதற்கும் வலது ஓரத்துக்கும் நடுவில் இன்னொன்று. பிறகும் ஒன்று. சீக்கிரமே மை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. பொத்தான் போன சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, அதன் முனையால் நடுவில் இன்னும் ஒரு புள்ளி வைத்தேன்.